பரணில் கிடைத்த இரண்டு துப்பாக்கிகள்: என்ன விலை போகும்?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கும் ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இது. பெயர், ஊர் ஆகியவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.

அவருடைய தந்தை 14 மாதங்களுக்கு முன் காலமானார். தாயாரும் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள். பூர்வீக வீட்டைப் பாகம் பிரிப்பதற்காக ஒழித்தபோது, பரணில் கோணிச் சாக்கில் சுற்றிய இரண்டு துப்பாக்கிகள் கிடைத்தன. ஒன்று இரட்டைக்குழல், ‘12 போர்’ எனப்படும் குழல் அளவு கொண்டது. குழல்களுக்கு நடுவே ‘மான்டன் அண்ட் கோ, கல்கத்தா’ என்று பொறித்திருக்கிறது. தந்தை பெயரில் இதற்கு உரிமம் இருந்தது. கடைசிக் காலத்தில் அவர் அதைப் புதுப்பிக்கவில்லை. மற்றொன்று, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நீண்ட ஒற்றைக்குழல். கட்டையில் பித்தளை வேலைப்பாடு உண்டு, காகிதம் எதுவும் இல்லை. மருது பாண்டியர் படையில் இருந்த முன்னோர் ஏந்திய துப்பாக்கி அது என்று குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள். குழலின் அடிப்பக்கம் காணப்படும் ‘கிரீடமும் குறுக்கே இரண்டு வாள்களும்’ சமஸ்தான முத்திரை என்பது அவருடைய கணிப்பு.

திப்பு சுல்தானின் வாள் லண்டனில் 1.4 கோடி பவுண்டுக்கு விலைபோன செய்தியைப் படித்த மைத்துனர், வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த நபர் ஒற்றைக்குழலுக்கு 40 லட்சம் தருவதாகவும், முதலில் ‘மதிப்பீட்டுச் செலவுக்கு’ 25 ஆயிரம் அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறார். லண்டனில் வேலை பார்க்கும் தங்கை மகன், அங்கே ஏலத்தில் விடலாம் என்கிறார். நூறாண்டு கடந்த துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்களாம். “குழலைப் பளபளப்பாக்கி, காரில் சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் காட்டலாமா? இவற்றின் உண்மையான விலைதான் என்ன?” என்பது அவர் கேள்வி.

ஐயா, விலைக்கு வருமுன் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். துடைக்க வேண்டாம், காரில் ஏற்ற வேண்டாம், அந்த 25 ஆயிரத்தை அனுப்ப வேண்டாம். இவற்றில் எதைச் செய்தாலும், துப்பாக்கியின் விலையோ உங்கள் நிம்மதியோ குறையும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஓர் எச்சரிக்கை. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளை அந்தக் காலத்தில் கெட்டித்த நிலையிலேயே மூலையில் சாத்தி வைப்பதும், பிறகு மறந்துவிடுவதும் சாதாரணம். ஈரம் படாத கருமருந்து நூறாண்டுக்குப் பின்னும் தீப்பிடிக்கும். ஆகவே சுடும்போது சுத்தியல்போல் வந்து அடிக்கும் ‘குதிரை’யை இழுத்துப் பார்ப்பது, குழலுக்குள் கம்பியை விட்டுக் குடைவது, பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுப்பது எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். உடன் கிடைத்ததாக நீங்கள் எழுதியிருக்கும் மருந்து டப்பாவையும் திறக்காதீர்கள். காவல்துறையின் ஆயுதப் பராமரிப்பாளர் வந்து பார்க்கும்வரை அது கெட்டித்த துப்பாக்கி என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

குடும்பக் கதையும் குழலின் அடியில் உள்ள முத்திரையும்

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த முத்திரைப் படம்தான். அது சமஸ்தான முத்திரை அல்ல. குறுக்கே கிடப்பவை வாள்களும் அல்ல, செங்கோல்கள். மேலே கிரீடமும், செங்கோல்களின் இடைவெளிகளில் பி, பி, சி (B, P, C) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் தெரிகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், குழல் வெடிக்காமல் தாங்குமா என்று கூடுதல் மருந்து போட்டுச் சோதித்தபின் குத்தும் தர முத்திரை இது. அந்தச் சோதனைக் கூடம் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1813இல் ஏற்பட்டது. இந்த வடிவ முத்திரை 1904 வரை வழக்கில் இருந்தது. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. அதாவது இந்த முத்திரை பிறப்பதற்கே அப்போது இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

விசைப்பொறியும் அதையே சொல்கிறது. உங்கள் துப்பாக்கியின் குதிரை, சிறு செப்புக் கேப்பு (வெடிக்கும் மருந்து வைத்த தொப்பி) பொருத்தும் குமிழின்மேல் விழுகிறது. கல்லில் பொறி பறக்கவைக்கும் பழைய முறைக்கு மாற்றாக, அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார் காப்புரிமை பெற்றதே 1807இல்தான். செப்புக் கேப்பு அதற்கும் பிறகு வந்தது. கம்பெனிப் படைக்கே அது பரவலாகக் கிடைத்தது 1840களில். பழைய கல் துப்பாக்கியைப் பிற்காலத்தில் கேப்பு முறைக்கு மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி மாற்றியவை உண்டு. ஆனால் அவற்றின் பக்கத் தகட்டில் பழைய கிண்ணமும் வில்லும் இருந்த துளைகளை அடைத்த தடம் தெரியும். உங்கள் படத்தில் தகடு ஒரே சீராக இருக்கிறது.

இதனால் குடும்பக் கதை பொய் என்று சொல்ல வரவில்லை. 1801 டிசம்பரில் சென்னை அரசாங்கம் வெளியிட்ட பிரகடனம், தென்சீமைப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. அப்படிப் பறிபோன ஒன்றின் நினைவு, பிற்காலத்தில் ஜமீனில் காரியஸ்தராக இருந்த உங்கள் பாட்டனார் வாங்கிய வேட்டைத் துப்பாக்கியின்மேல் வந்து ஒட்டியிருக்கலாம். பெரும்பாலான பழைய வீடுகளில் நான் கண்டது இதுதான்: துப்பாக்கி ஒரு தலைமுறையுடையது, கதை அதற்கு முந்தைய தலைமுறையுடையது.

திப்புவின் பொருள்களுக்குக் கிடைக்கும் விலைக்கும் உங்கள் வீட்டுப் பொருளுக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் இருக்கிறது. 2023 மே மாதம் 1.4 கோடி பவுண்டுக்குப் போன வாள் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எடுக்கப்பட்டது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குப் பதிவு உண்டு. திப்புவுக்காக அசத் கான் முகம்மது செய்த கல் துப்பாக்கி ஒன்றை 20 லட்சம் பவுண்டு என்று மதித்து, நாட்டைவிட்டுப் போகாதபடி பிரிட்டிஷ் அரசு அதே ஆண்டில் தடுத்து வைத்தது; செய்தவர் பெயரும் காலமும் அந்தத் துப்பாக்கியிலிருந்தே தெரிகின்றன. திப்புவின் ஆயுதசாலையிலிருந்து வந்த இன்னொரு துப்பாக்கியே 2019இல் 60 ஆயிரம் பவுண்டுக்குத்தான் போயிற்று. அரசனின் பெயர் ஒட்டியிருக்கும் பொருள்களுக்குள்ளேயே இவ்வளவு ஏற்ற இறக்கம். வாய்மொழியை மட்டும் நம்பி எந்தச் சேகரிப்பாளரும் பணம் எடுக்க மாட்டார்; எடுப்பதாகச் சொல்பவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

பெயர் செய்தவருடையதா, விற்றவருடையதா?

இரட்டைக்குழலில் ‘மான்டன்’ என்று கண்டதும் இணையத்தில் தேடி, ஜோசப் மான்டனின் துப்பாக்கிகளுக்குக் கிடைக்கும் விலையைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். அந்த லண்டன் கைவினைஞர் 1835இல் இறந்துவிட்டார். பின்பக்கம் மடித்துத் தோட்டா போடும், உங்களுடையதைப் போன்ற துப்பாக்கிகள் பரவியது 1860களுக்குப் பிறகு. கல்கத்தாவில் அந்தக் குடும்பப் பெயரோடு நடந்த கடை, சாகிபுகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் விற்ற சரக்கில் பெரும்பகுதி பர்மிங்காம் பட்டறைகளில் செய்து வாங்கியது. கல்கத்தாவில் ரோடா, சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் எனப் பல கடைகள் தங்கள் பெயரைப் பொறித்தே விற்றன. நம் நகைக்கடை முத்திரை போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: கடை நல்ல கடை என்பதைச் சொல்லும், ஆசாரி யார் என்று சொல்லாது. கடைப்பெயருக்கும் ஆர்வலர்கள் உண்டு, ஆனால் அது வேறு படிநிலை.

விலையை ஏற்றுவதும் இறக்குவதும்

ரூபாய்க் கணக்கில் ஓர் எண்ணை நான் எழுதப்போவதில்லை. வெளிநாடுகளில் ஏலப் பட்டியல்கள் அச்சாகின்றன. இங்கே உரிமம் உள்ளவர்களுக்குள் நடக்கும் விற்பனை வெளியே தெரிவதில்லை. பார்க்காத பொருளுக்கு எண் சொல்பவர் ஊகிக்கிறார் அல்லது ஏமாற்றுகிறார். எவை விலையைத் தீர்மானிக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் முதலிடம் காகிதத்துக்கு. உரிமத்தில் ஏறிய, எண் பொருந்துகிற சாதாரணத் துப்பாக்கிக்கு விலை உண்டு. காகிதமில்லாத அழகான துப்பாக்கிக்குச் சட்டப்படி வாங்குபவரே இல்லை. வாங்குபவர் இல்லாத பொருளுக்கு விலை என்ற பேச்சும் இல்லை. பிற நாட்டு நூல்கள் நிலை, அபூர்வம், செய்தவர் என்று வரிசைப்படுத்தும்போது இதைக் கடைசியில் வைக்கும். நம் ஊரில் வரிசை தலைகீழ்.

அடுத்தது, பொருள் எந்த அளவுக்கு முதலில் இருந்தபடியே இருக்கிறது என்பது. நீங்கள் பித்தளை பாலிஷும் உப்புக் காகிதமும் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம், கட்டையில் வெள்ளிக் கம்பி பதித்த துப்பாக்கி ஒன்றை வார்னிஷ் அடித்து, குழலைத் தேய்த்து, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு போல ஆக்கிக் கொண்டுவந்தது. இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த குழல்களில் மரத்தின் ரேகை போன்ற வரிகள் ஓடும். அதை டமாஸ்கஸ் குழல் என்பார்கள். அந்தக் குடும்பத்தின் குழலில் அந்த வரிகள் பாதி அழிந்திருந்தன. கூடவே தர முத்திரையின் எழுத்துகளும் மழுங்கிப் போயின. காலத்தை நிறுவும் சான்றே தேய்ந்துவிட்டது. பழுப்பேறிய குழலைப் பழுப்பேறியபடியே விடுங்கள். கட்டையில் உள்ள வெடிப்பு, ஃபெவிகால் பூசிய ஒட்டைவிட மேலானது. திருகாணிகளைக் கழற்ற முயலாதீர்கள். தலை சிதைந்த திருகாணியைக் கண்டதுமே, யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அனுபவமுள்ள கண் முடிவுகட்டிவிடும். மருந்து கெட்டிக்கும் கம்பி, மருந்துக் குப்பி, தோல்பெட்டி, கடைச்சீட்டு எது கிடைத்தாலும் சேர்த்தே வையுங்கள். தனித்தனியே பயனற்றவை, சேர்ந்திருந்தால் மதிப்பைக் கூட்டும்.

தேவை என்பது மூன்றாவது. இதில் நம் நாட்டுக்கே உரிய இரண்டு விசித்திரங்கள் உண்டு. 1980களின் நடுவிலிருந்து தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறக்குறைய நின்றுபோனதால், ஏற்கெனவே இங்கிருக்கும் நல்ல ஆங்கிலேயத் துப்பாக்கிகள், பிறந்த நாட்டைவிட இங்கே கூடுதல் விலைக்குப் போவது வழக்கமாயிற்று. பிறகு ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் உச்சவரம்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வாரிசுரிமையாக வருவதும் இந்தக் கணக்கில் சேரும். இரண்டே இடம் உள்ளவர், ஒன்றை அலங்காரத் துப்பாக்கிக்கு ஒதுக்க யோசிப்பார். உங்கள் இரட்டைக்குழலுக்கு 12 போர் என்பது சாதகம், ஏனெனில் தோட்டா கிடைக்கும். ஆனால் அதன் குழல் டமாஸ்கஸாக இருந்தால், கருமருந்துக்கென்று செய்த அதில் இன்றைய தோட்டாவைச் சுடுவது ஆபத்து. அப்போது பயிர்க் காவலுக்கு வாங்குபவர் விலகிவிடுவார். சேகரிப்பவர் மட்டுமே மிஞ்சுவார்.

நூறாண்டு ஆனால் உரிமம் வேண்டாமா?

பாதி உண்மை என்பதால்தான் இந்த நம்பிக்கை ஆபத்தானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை: பழுது பார்த்தோ பார்க்காமலோ சுடுகருவியாகப் பயன்படுத்த இயலாததாக அது இருக்க வேண்டும். உங்கள் ஒற்றைக்குழலின் குதிரை இன்னும் ‘டக்’கென்று விழுகிறது என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கொல்லர் அரை நாளில் சரிசெய்துவிடக் கூடிய துப்பாக்கிக்கு வயது மட்டும் அடைக்கலம் தராது.

மைத்துனர் காட்டிய இன்னொரு செய்தியும் உண்மைதான். 2020 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தப்படி, கியூரியோ எனப்படும் அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் அவற்றைப் பயன்படுத்தவும் ஏந்திச் செல்லவும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் உரிமம் வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. உங்கள் துப்பாக்கி அந்த வகையில் சேருமா என்பதை முடிவுசெய்யும் இடத்தில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். எது எப்படியானாலும் சென்னைக்குக் கார் பயணம் கூடாது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொன்னால், விதித் திருத்தத்தை அங்கே நின்று விளக்க முடியாது.

உரிமமின்றி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டத்துக்குப் புறம்பாக விற்றாலோ ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. வைத்திருப்பது என்றால் அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் 1972இலேயே விளக்கியிருக்கிறது. பரணில் ஒற்றைக்குழல் இருப்பது தெரியாமல் இருந்த காலத்துக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. சாக்கை அவிழ்த்த நாளிலிருந்து அந்த வாதம் கிடையாது என்பதால்தான், நாளைக் கடத்தாதீர்கள் என்கிறேன். குழலை அறுத்துச் ‘செயலிழக்க’ வைத்துவிட்டால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உரிமமின்றிக் குழலைக் குட்டையாக்குவது தனிக் குற்றம், விலையும் அன்றே போய்விடும்.

இனிச் செய்ய வேண்டியவை

சட்டத்தின் 21ஆவது பிரிவு உங்களுக்கு நல்ல வழி ஒன்றைத் தருகிறது. வைத்திருப்பது சட்டபூர்வமாக இல்லாமல் போன ஆயுதத்தை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கலாம். ஒப்படைத்தாலும் உரிமை போய்விடாது. குறித்த காலத்துக்குள் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லலாம். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் அரசுடைமையாகிவிடும் என்பதை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போக வேண்டாம். எப்போது, எப்படிக் கிடைத்தது, ஏன் தாமதம், குழலில் மருந்து இருக்கலாம் என்ற ஐயம் ஆகியவற்றை எழுதி, ஆய்வாளரிடம் நேரில் கொடுத்து, ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒப்படைத்ததற்கான ரசீதில் குழல் நீளம், முத்திரைகள், வேலைப்பாடு, எண் ஆகியவை இடம்பெற வேண்டும். ‘பழைய துப்பாக்கி 2’ என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

இரட்டைக்குழலுக்கு வாரிசு அடிப்படையில் உரிமம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தந்தையின் உரிமப் புத்தகம், தாயாரும் தங்கைகளும் தரும் ஆட்சேபமில்லாக் கடிதம் ஆகியவை வேண்டும். உரிமம் உங்கள் பெயருக்கு வந்தாலும் மதிப்பில் உங்கள் பங்கு நான்கில் ஒன்றுதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாருக்கும் தங்கைகளுக்கும் சம பங்கு உண்டு. “துப்பாக்கி ஆண்பிள்ளைக்கு” என்ற உங்கள் வரியை நான் படிக்காததாக வைத்துக்கொள்கிறேன். பாகப்பத்திரத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

பிறகு விற்பதென்றால், வாங்குபவரின் உரிமத்தைச் சரிபார்த்து, அவர் பெயர் முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழித்தே கைமாற்ற வேண்டும். இந்த 45 நாளைச் சொன்னதும் மறைந்துபோகிற ஆள் வாங்க வந்தவர் அல்ல. உங்கள் வாட்ஸ்அப் நபரிடம் சொல்லிப் பாருங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன், பேச்சையே நிறுத்திவிடுங்கள். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று நம் மாவட்டங்களில் எத்தனையோ பேர் ஏமாந்த அதே வாய்ப்பாடு இது: பெரிய தொகை, இல்லாத வெளிநாட்டு வியாபாரி, முதலில் கொஞ்சம் ‘சோதனைச் செலவு’. அவருக்கு அனுப்பிய படங்களின் நகலையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள், தேவைப்படலாம்.

லண்டன் ஏலத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதைத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், 1972 தடுக்கிறது; மீறினால் சிறை. அங்கே ஏலத்துக்கு வரும் இந்தியத் துப்பாக்கிகளில் பல ஒன்றரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்தவை. தங்கை மகன் பவுண்டில் பார்க்கும் விலைக்கும் உங்கள் வீட்டுப் பொருளுக்கும் வழியே இல்லை.

விற்பது சாத்தியமில்லை என்றாகி, உருக்கவும் மனம் ஒப்பாவிட்டால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்கென ஒரு பகுதி உண்டு. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை அருங்காட்சியகம் உங்களுக்கு இன்னும் பக்கம். கொடையாக ஏற்பார்களா என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்கலாம்.

இவற்றுக்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. நிலப் பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியை அலசுங்கள். பாட்டனார் காலத்து உரிமப் புத்தகம் கிடைத்தால், ஆயுத விவரப் பக்கத்தில் ‘எஸ்.பி.எம்.எல்.’ (SBML) என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதியிருக்கிறதா பாருங்கள். வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழலை அலுவலகங்களில் அப்படித்தான் குறிப்பார்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் ஒற்றைக்குழலுக்கும் வாரிசு விண்ணப்பம் போட இடம் உண்டு. தாயாருக்கு 81 வயது என்கிறீர்கள். அவருடைய மாமனார், அதாவது உங்கள் பாட்டனார், எந்த ஆண்டு, யாரிடம் அதை வாங்கினார், கடைசியாகப் புதுப்பிக்க எந்தத் தாலுகா கச்சேரிக்குப் போனார் என்று இந்த வாரமே அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.